தகப்பனில்லாத டீச்சர்

எதிர்ச்சாரியில் இருந்த பள்ளிக்கூடம் அந்தப் போர்டை வைக்காமல் இருந்திருந்தால், ஒன்றாம் வகுப்பு டீச்சருடைய அப்பாவுக்குச் சாக வேண்டிய அவசியமே வந்திருக்காது.

போர்டு இரண்டு மாடி உயரம். அந்தப் பள்ளியின் டீச்சர்கள் எல்லோரும் அதில் கையைக் கட்டிக்கொண்டு, எதையோ ஜெயித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் 'பின்னணி' என்று ஒரு பத்தி, 'அணுகுமுறை' என்று ஒரு பத்தி. ஒருத்தி மலையேறியவள். ஒருத்தி மூளையை ஆராய்ச்சி செய்தவள். எல்.கே.ஜி. எடுக்கும் ஒருத்தி, குழந்தைகளிடமிருந்து தான்தான் தினமும் கற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

அட்மிஷன் சமயம் அது. அதுவரை பெற்றோர்கள் வந்தால் வேன் எங்கே நிற்கும், கக்கூஸ் சுத்தமாக இருக்குமா என்றுதான் கேட்பார்கள். போர்டு வந்த வாரமே கேள்வி மாறிவிட்டது. தெருவின் இந்தப் பக்கம் இருந்த பள்ளியின் ஆபீஸ் ஜன்னலில் ஒரு தகப்பனார் குனிந்து, ஒன்றாம் வகுப்பு டீச்சரின் பின்னணி என்ன என்று கேட்டார். கிளார்க் எட்டிப் பார்த்துவிட்டு, பின்னாடி சுவர்தான் இருக்கிறது என்று சொன்னார். தகப்பனார் பிள்ளையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனதைத் தாளாளர் தன் மாடி அறையிலிருந்து கண்ணாரப் பார்த்தார்.

தாளாளர் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். கடை இப்போதும் இருக்கிறது. பள்ளிக்கூடம் அதன் கிளை என்பது அவருடைய நினைப்பு. அன்று சாயந்தரமே டீச்சர்கள் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்துப் பேசினார்.

"நான் டைல்ஸ் வித்தவன். இதுல ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. டைல்ஸுக்கு அடியில என்ன இருக்குன்னு இதுவரைக்கும் எந்தக் கஸ்டமரும் என்னைக் கேட்டதில்ல. சிமெண்டா, வெறும் மண்ணா, அவனுக்குக் கவலை கிடையாது. மேல பளபளன்னு இருக்கணும். கல்வியும் அப்படித்தான். பிள்ளைங்களுக்கு நீங்க என்ன சொல்லிக் குடுக்கிறீங்கன்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா? கேட்கமாட்டேன். அது உங்க சுதந்திரம். எனக்கு வேண்டியது பின்னணி, அணுகுமுறை. ஆளுக்கு அரைப்பக்கம் எழுதிக் குடுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். பி.டி. வாத்தியார் பழக்க தோஷத்தில் விசில் அடித்துவிட்டு, அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்தார்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். தனக்கு ஒரு பின்னணி இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பேங்க் வேலைக்குப் பரீட்சை எழுதினாள், கிடைக்கவில்லை. மறுபடி எழுதினாள், மறுபடியும் கிடைக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, அப்பா வேலை பார்த்த பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்தது. அப்பாவோடு போய் அப்பாவோடு வந்துவிடலாம் என்பதால் சேர்ந்தாள். கல்யாணம் நடந்தது. கணவன் கொஞ்ச காலம் கூட இருந்தான். பிறகு அவன் வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருப்பது தெரியவந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடமே திரும்பி வந்தாள்.

அப்பா டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எப்போது கிளம்பும் என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது, ஆனால் எல்லாவற்றைப் பற்றியும் பேசுவார். அம்மா போனதிலிருந்து சமையல் அவர்தான். மத்தியானம் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, மகள் சாப்பிட்டு முடிக்கிறவரை வாட்ச்மேனிடம் உலக விவகாரங்களைத் தீர்த்து வைத்துவிட்டு, காலிக் கேரியரோடு போவார். ஐம்பதைத் தாண்டிய மகளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதில் ஏகப்பட்ட சிரிப்பு.

அணுகுமுறை என்று பார்த்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. குழந்தையின் கையைத் தன் கைக்குள் வைத்து 'அ' போட வைப்பாள். சத்தமாகப் பேசுவாள். மூக்கைத் துடைத்துவிடுவாள். மத்தியானத்துக்கு மேல் எல்லோரையும் மேசையில் தலையைக் கவிழ்த்துப் படுக்கச் சொல்லிவிட்டு, தானும் கொஞ்சம் கண்ணை மூடுவாள். வருஷக் கடைசியில் பாதிக்கு மேல் பிள்ளைகள் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். மீதிப்பேர் இரண்டாம் வகுப்புக்குப் போய் அந்த டீச்சரின் தலைவலி ஆவார்கள். அவள் எழுதிக் கொடுத்தது அரைப்பக்கம்கூட வரவில்லை.

'பின்னணி: அப்பா பஸ் டிப்போவில் இருந்தார். அணுகுமுறை: பிள்ளைகளை எப்போதும் முன்பக்கமாகவே அணுகுவேன். பின்னாலிருந்து அணுகினால் சிலர் பயந்து மூத்திரம் போய்விடுகிறார்கள்.'

மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு அனுப்பினார். ஹெட்மிஸ்ட்ரஸ் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கு வேண்டிய சுறுசுறுப்பு அவரிடம் கிடையாது. மேலே இருந்து வருவதைக் கீழே அனுப்புவார், கீழே இருந்து வருவதைத் திருப்பிக் கீழேயே அனுப்புவார். கைவேலை டீச்சரை அன்று காலையில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மா 'மகிழ்ச்சியான குழந்தைப் பருவம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டதாம். அப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு நிர்வாகம் என்ன செய்யும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் வருத்தப்பட்டார். பிறகு, ஆலோசகர் ஒருவரை வரவழைத்திருப்பதாகவும், அவர் கேட்கிறபடி ஒத்துழைத்தால் எல்லாருக்கும் நல்லது என்றும் சொன்னார்.

ஆலோசகர் கன்னத்தோரமாக மைக்கை மாட்டிக்கொண்டிருந்தார். அறையில் அவரும் டீச்சரும் ஹெட்மிஸ்ட்ரஸும் மட்டும்தான், இருந்தாலும் மைக்கில்தான் பேசினார். இதற்கு முன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஒரு மனிதனை உட்கார வைத்து அவனுடைய சாவை அவனுக்கே கண்ணில் காட்டிக் கையெழுத்து வாங்குவது எப்படி என்பது அவருடைய பாடம். அந்த அனுபவத்தைக் கல்விக்கு அர்ப்பணித்துவிட்டதாகச் சொன்னார்.

சின்ன வயதில் பட்டினி கிடந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்பா குடிப்பாரா என்றார். டீ நிறையக் குடிப்பார் என்றாள். அடிப்பாரா என்றார். இல்லை, பேசியே களைப்பாக்கிவிடுவார் என்றாள். ஆலோசகருக்கு முகம் வாடிவிட்டது. கணவன் விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் அவரே தலையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டார்.

"புருஷன் விட்டுட்டுப் போனா பெத்தவங்களுக்கு டீச்சர் மேல சந்தேகம் வரும் மேடம். அப்பா விட்டுட்டுப் போனா இரக்கம் வரும். நமக்கு வேண்டியது இரக்கம். அப்பா எப்போ தவறினார்?"

"தவறலையே. வீட்ல இருக்காரு. இந்நேரம் துணி காயப்போட்டுக்கிட்டு இருப்பாரு."

"வயசு?"

"எண்பது தாண்டிருச்சு."

"எப்படியும் தவறப்போறவர்தான். நாம கொஞ்சம் முன்னாடி எடுத்துக்கிறோம், அவ்வளவுதான். நடக்கப்போற ஒண்ணை முன்கூட்டியே சொல்றதுக்குப் பேரு பொய் இல்ல மேடம், திட்டமிடல்."

டீச்சர் எழுந்து நின்றாள். தன்னால் முடியாது என்றாள். ஆலோசகர் கோபப்படவில்லை, மைக்கை மட்டும் அணைத்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அவளை வராண்டாவுக்கு அழைத்துப்போய்த் தோளில் கை வைத்தார். இந்த வயதில் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னார். அப்பாவுடைய மருந்து மாத்திரைக்கெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன் என்றும் சொன்னார். டீச்சர் திரும்பி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இப்படியாக அப்பா ஆற்று வெள்ளத்தில் இறந்துபோனார். ஆலோசகர் அதை அங்கேயே உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினார். தோணிக்காரரான அப்பா, வெள்ளத்தில் சிக்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கரை சேர்த்துவிட்டு, கடைசியில் 'படிங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போனார். கரையில் நின்ற ஆறு வயதுப் பெண் அதைக் கேட்டாள். அவள்தான் இன்று உங்கள் குழந்தையின் டீச்சர். அணுகுமுறைக்கு 'காயவழிக் கல்வி' என்று பெயர் வைத்தார்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று டீச்சர் வெகுநேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னபோது அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். கெட்ட செய்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கேட்பார்.

"எனக்கு நீச்சல் தெரியாதே பாப்பா."

"அதனாலதாம்ப்பா மூழ்கிட்டீங்க."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றினேன் என்று கேட்டார். நிறைய என்றாள். அவருடைய முகத்தில் லேசாக ஒரு பெருமைகூட வந்தது. டிப்போவில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு பயலும் தன்னைப் பற்றி நாலு வரி எழுதியதில்லை என்றார். பீரோவைத் திறந்து, யூனிஃபார்மில் எடுத்த தன்னுடைய படத்தைத் தேடித் தூசி தட்டிக் கொடுத்தார். போர்டில் போடுவதென்றால் இதைப் போடச் சொல், இதில்தான் மீசை நன்றாக விழுந்திருக்கிறது என்றார்.

ஆலோசகர் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவர் முகத்தில் இறந்துபோன களையே இல்லை என்று சொல்லிவிட்டார். டைல்ஸ் கம்பெனி அனுப்பிய பழைய கேட்லாக்கில், குளியலறைச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் தூரத்தை வெறித்தபடி நிற்பார். அவருடைய தலையை வெட்டியெடுத்து, பின்னால் ஒரு ஆற்றை வைத்தார்கள்.

செத்ததற்கு வருத்தப்படாத அப்பா, இதற்கு வருத்தப்பட்டார்.

"சாகறதுக்குக்கூட என் மூஞ்சி லாயக்கில்லையா பாப்பா?" என்று கேட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

போர்டு ஏறியது. எதிர்ச்சாரிப் போர்டைவிட இது ஒரு முழம் உயரம். இறந்தவர் தினமும் கேரியரோடு வாசலில் வந்து நிற்பது சரியாக வராது என்பதால், வாட்ச்மேனுக்கு உத்தரவு போனது. நேற்றுவரை அவரோடு உலக விவகாரம் பேசிய வாட்ச்மேன், இங்கே நிற்காதீங்க பெரியவரே, யார் நீங்க என்று கேட்டார். கேட்கும்போது கண்ணடித்தார் என்று அப்பா சொன்னார். ஆனால் உள்ளே விடவில்லை. அதற்கப்புறம் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம், சாக்கடையை ஒட்டிய சந்தில் வந்து நின்று, கக்கூஸ் மதிலுக்கு மேலே கேரியரை நீட்டுவார். டீச்சர் குதிகாலை உயர்த்தி அதை வாங்குவாள். கக்கூசுக்கு வந்த பிள்ளைகள், டீச்சரோட அப்பா வந்திருக்காரு என்று கத்தும். அது அப்பா இல்லை, கேரியர் தாத்தா என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். அந்த வருஷம் அவள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

காயவழிக் கல்வி காலை முதல் பீரியடில் தொடங்கியது. டீச்சர் விளக்கை அணைத்துவிட்டு வெள்ளம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தங்களுடைய இழப்பைச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னால் சட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள். முதல் நாள் ஒரு பையன் பென்சில் தொலைந்துபோனதைச் சொன்னான். பென்சில் ஆரம்ப நிலை இழப்பு, இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆலோசகர் சொன்னார். இன்னொருவன் தன் வீட்டுத் தொட்டியில் மீன் செத்ததைச் சொன்னான். அவனுக்கு நட்சத்திரம் கிடைத்தது. அடுத்த வாரத்துக்குள் அந்த வட்டாரத்தில் வளர்ப்பு மீன்கள் நிறையச் செத்தன. ஒரு கிளியும் செத்தது. வீட்டில் எதுவும் சாகாத பிள்ளைகள் நட்சத்திரம் இல்லாமல் அழுதன. ஒரு பையன் சாப்பாட்டு வேளையில் தன் தகப்பனாரிடம், நீ எப்பப்பா சாவே என்று ஆவலாகக் கேட்டிருக்கிறான். தகப்பனார் பதறிக்கொண்டு ஓடிவந்தார். மரணத்தைப் பற்றி இவ்வளவு முதிர்ச்சியாகக் கேள்வி கேட்கும் குழந்தையைத் தான் பார்த்ததே இல்லை என்று ஆலோசகர் கை குலுக்கினார். தகப்பனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், தன் தம்பி பிள்ளையையும் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த வகுப்பில் நிஜமாகவே அம்மா இல்லாத ஒரு பெண் இருந்தாள். அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யாரிடமும் பேசமாட்டாள். ஜூன் மாதத்திலிருந்தே டீச்சர் அவளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, சாக்பீஸ் டப்பாவை அவள் பொறுப்பில் விட்டிருந்தாள். சாக்பீஸ் கேட்டால் எடுத்துக் கொடுப்பாள், டப்பாவை மூடுவாள், அவ்வளவுதான். மெள்ள மெள்ள, எது வேணும் டீச்சர், வெள்ளையா கலரா என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். ஆலோசகருக்கு விஷயம் தெரிந்ததும் துள்ளிக் குதித்தார். இயற்கையிலேயே இவ்வளவு வளமான குழந்தையைச் சாக்பீஸ் எடுத்துக் கொடுக்க வைத்து வீணடித்துவிட்டீர்களே என்று டீச்சரைக் கடிந்துகொண்டார். அவளை வகுப்புத் தலைவியாக்கினார்கள். தினமும் முதலில் அவள்தான் எழுந்து அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எழுந்து நிற்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த மௌனத்துக்கும் நட்சத்திரம் ஒட்டினார்கள். அவள் பக்கத்துப் பிள்ளைகளைக் கடிக்கத் தொடங்கினாள். அது வெளிப்பாடு என்று ஆலோசகர் சொன்னார். கடிபட்ட பிள்ளைகளுக்கு அது இழப்பாகக் கணக்கில் சேர்ந்தது.

இதற்கெல்லாம் நடுவில் பிள்ளைகள் 'ஆ'வைத் தாண்டவில்லை. எழுத்துச் சொல்லிக்கொடுக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டுப் பார்த்தாள். எழுத்து எங்கே போய்விடப் போகிறது, அது அங்கேயேதான் இருக்கும் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

அட்மிஷன் நிரம்பி வழிந்தது. தாளாளர் மகிழ்ந்துபோய், டீச்சருடைய அப்பாவுக்கு ஒரு நினைவு நாள் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தார். செத்த தேதி எதுவும் இல்லாததால், டைல்ஸ் கடைக்கு விடுமுறையாக இருக்கும் ஒரு நாளை ஆலோசகர் தேர்ந்தெடுத்தார். பந்தல் போட்டார்கள். கேட்லாக் மனிதரைக் கறுப்புச் சட்டத்துக்குள் வைத்து மேடையில் நிறுத்தினார்கள். ஊர்ப்பட்ட பெற்றோர் வந்திருந்தார்கள்.

அப்பாவும் வந்திருந்தார். வரக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தாள். யாருக்குத் தெரியப்போகிறது, என்னைப் பற்றி என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டு ஓரமாக வந்துவிடுகிறேன் என்றார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்து, கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மேடையிலிருந்து டீச்சருக்கு அவர் நன்றாகத் தெரிந்தார். தாளாளர் அவருடைய வீரத்தைப் பற்றிப் பேசியபோது அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றபோது அவரும் எழுந்து நின்றார்.

"இவர் மட்டும் உயிரோட இருந்திருந்தா," என்று தாளாளர் படத்தைக் காட்டிச் சொன்னார், "இந்த டீச்சர் ஒரு சாதாரண டீச்சரா இருந்திருப்பாங்க. இந்தப் பள்ளிக்கூடம் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடமா இருந்திருக்கும். அந்த நஷ்டத்துலேருந்து நம்ம எல்லாரையும் காப்பாத்தின அந்தப் பெரியவருக்கு நான் தலை வணங்குறேன்."

பிறகு ஆலோசகர் அம்மா இல்லாத அந்தப் பெண்ணை மேடைக்குக் கூட்டிவந்தார். விளக்கைக் குறைத்தார்கள். மெல்லிய இசை வந்தது. மேடை மைக்கை அவள் வாயருகே பிடித்து, கண்ணு, நல்லாப் பாரு, உங்க அம்மா இங்க எங்கயோ இருக்காங்க, எங்க இருக்காங்கன்னு சொல்லு என்றார்.

அந்தப் பெண் கூட்டத்தை நிதானமாகப் பார்த்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தெளிவாகச் சொன்னாள்.

"எங்கம்மா செத்துட்டாங்க. அவங்க வரமாட்டாங்க. டீச்சரோட அப்பாதான் அதோ உக்காந்திருக்காரு."

பந்தல் முழுக்க ஒரு விம்மல் எழுந்தது. கீழே உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்து, ஆமா, அதோ இருக்காரு, கேரியர் தாத்தா, டீச்சரோட அப்பா என்று கையை நீட்டியது. பெற்றோர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு தாய் தேம்பித் தேம்பி அழுதாள். தாளாளரின் கண்ணிலேயே நீர் கட்டிவிட்டது. பார்த்தீர்களா, நம் குழந்தைகளுக்கு இறந்தவர்கள்கூடத் தெரிகிறார்கள், எதிர்ச்சாரியில் இருக்கிற குழந்தைகளுக்குத் தெரியுமா என்று மைக்கில் கேட்டார்.

இத்தனை பேர் தன் பக்கம் கையை நீட்டியதும் அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மரியாதைக்கு எழுந்து நின்று, லேசாகச் சிரித்து, கையை உயர்த்தினார். பின்னால் இருந்த பெண்மணி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா, கொஞ்சம் உக்காருங்க. மேடையில அந்தக் குழந்தை, டீச்சரோட அப்பாவைப் பாத்துக்கிட்டு இருக்கு. நீங்க மறைக்கிறீங்க."

அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஆலோசகர் மைக்கை டீச்சரிடம் கொண்டுவந்தார். உங்களுக்குத் தெரியிறாரா மேடம் என்று கேட்டார். பந்தல் அடங்கியது. அப்பா அங்கிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மகள் பாட்டுப் பாடும்போது, வரிகளை மறந்துவிடக்கூடாதே என்று தகப்பன் பார்க்கிற மாதிரி பார்த்தார். அந்தப் பெண்ணும் டீச்சரைப் பார்த்தாள். தன் பக்கம் ஒரு ஆள் கிடைத்துவிடும் என்று எதிர்பார்த்து நின்றாள்.

"இல்ல சார்," என்றாள் டீச்சர். "எனக்கு யாரும் தெரியல."

பந்தல் அதிர்ந்தது. அவ்வளவு பெரிய கைதட்டலை அந்தப் பள்ளிக்கூடம் அதுவரை கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டினார். கூட்டம் நல்ல கூட்டம் பாப்பா, நிஜமாச் செத்தா இவ்வளவு பேர் வரமாட்டாங்க என்றார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லி அவர் சமையலறைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவருடைய பேச்சு குறைந்துபோனது. பஸ் சத்தம் கேட்டால்கூட இது எந்த பஸ் என்று சொல்வதில்லை. மறுநாளிலிருந்து கேரியரைக் காலையிலேயே கட்டி அவள் பையில் வைத்துவிடுவார். சந்துக்கு வரவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் காலையில் அடுப்பில் டீயை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். டீச்சர் குளித்துவிட்டு வந்தபோது டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. அவர் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். மூக்குக்கண்ணாடி கையில் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வந்து வேண்டியதைப் பார்த்துக்கொண்டாள். டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் செய்து, அப்பா இறந்துவிட்டார், லீவு வேண்டும் என்றாள்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா," என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "ஆனா அப்பா இறந்ததுக்குன்னு லீவு குடுத்தா எந்த அப்பான்னு ஆபீஸ்ல கேட்பாங்க. ஒருத்தருக்கு ஒரு அப்பாதானே. உங்களுக்கு அது ஆகிப்போச்சு. தலைவலின்னு சொல்லுங்க, இன்னைக்கு ஒரு நாள் நான் சமாளிச்சுக்கிறேன். நாளைக்கு வெளியூர்ப் பள்ளிக்காரங்க உங்க வகுப்பைப் பார்க்க வர்றாங்க. நீங்க இல்லாம முடியாது."

டிப்போவிலிருந்து இரண்டு கிழவர்கள் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவ்வளவு பேரோடு தகனம் முடிந்தது.

மறுநாள் டீச்சர் வகுப்புக்குப் போனாள். பின்வரிசையில் வெளியூர்க்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்ன நாற்காலிகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தாளாளரும் ஆலோசகரும் சுவரோரமாக நின்றார்கள். விளக்கை அணைத்தார்கள். டீச்சர் வெகுநேரம் பேசாமல் நின்றாள். ஆலோசகர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"எங்கப்பா அடுப்புல டீ வச்சாரு," என்று டீச்சர் தொடங்கினாள். "ஸ்டூல்ல உக்காந்தாரு. நான் குளிச்சிட்டு வந்து பாக்குறேன்…"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. முதல் வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் தப்பாச் சொல்றாங்க என்று ஒரு குரல் வந்தது. வெள்ளம் டீச்சர் என்றது இன்னொன்று. தோணி, தோணி என்று நாலைந்து பேர் எடுத்துக் கொடுத்தார்கள். டீச்சரின் கண்ணிலிருந்து தண்ணீர் கட்டுப்பாடில்லாமல் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. ஆலோசகர் சுவரோரத்திலிருந்து, கொஞ்சம் மிகையாகப் போகிறது, குறைத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளங்கையைத் தாழ்த்திச் சைகை காட்டினார்.

"ஆமா," என்றாள் டீச்சர். "வெள்ளம். மறந்துட்டேன்."

வகுப்பு காத்திருக்கவில்லை. மீதியைப் பிள்ளைகளே எடுத்துச் சொன்னார்கள். ஆறு பெருகியதையும் தோணி கவிழ்ந்ததையும் கரையில் ஒரு சின்னப் பெண் நின்றதையும், எழுத்துக்கூட்டத் தெரியாத அந்தப் பிள்ளைகள் ஒரு சொல் பிசகாமல் ஒரே குரலில் சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் வியந்துபோனார்கள். வகுப்புத் தலைவி எழுந்து நின்றிருந்தாள். அவளுடைய சட்டையில் நட்சத்திரம் ஒட்ட இடமில்லை. மற்ற எல்லோரையும்விட அவள்தான் சத்தமாகச் சொன்னாள், டீச்சரை நேராகப் பார்த்து, கையை வேறு ஆட்டிக்கொண்டு.